உருளும் பந்தும் உடையாத மூலையும்



சென்ற மார்கழியில் ஒரு நள்ளிரவு. வடநாட்டுக் குளிர் விடுதியின் கதவிடுக்குகளிலெல்லாம் புகுந்து கொண்டிருந்தது. கம்பளிக்குள் சுருண்டு கிடந்த என்னை யாரோ கதவைத் தட்டி எழுப்பினார்கள். திறந்து பார்த்தால், நம் மன்றக் கூட்டங்களில் கடைசி வரிசையில் வந்து அமரும் இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவர். திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூரில் தமிழ்வழியில் படித்து இங்கு வந்தவர். கையில் மடிக்கணினி. மறுநாள் காலை பத்து மணிக்குக் கணிப்பொறி வரைவுப் பாடத்தின் ஒப்படைப்பு நாள்.

"அண்ணே, எல்லாம் முடிஞ்சிருச்சு. இந்த ஒரு மூலை மட்டும் உருளவே மாட்டேங்குது. அதை எடுத்துட்டு அப்படியே குடுத்துரட்டுமா?"

திரையில் அவர் வரைந்த தாங்கி ஒன்று நின்றது. தட்டையான அடித்தகடு. அதிலிருந்து முப்பது பாகை சாய்வில் எழும் ஒரு கை. கையின் மேல்முனையில் பேரிங் அமரும் குடம். கையின் அடிப்பரப்பும் தகடும் சேரும் உள்மூலையில் 5 மில்லிமீட்டர் ஆரத்தில் பில்லட் கேட்டிருந்தார். மென்பொருளோ, 'கமாண்ட் நாட் டன்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. ஏன் முடியவில்லை, எவ்வளவு என்றால் முடியும் என்று ஒரு சொல்லும் இல்லை. எட்டு முறை முயன்றாராம். ஆங்கிலத்தில் வந்த செய்தி தமக்குத்தான் விளங்கவில்லை என்று எண்ணிக் கூசியிருக்கிறார். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் அந்த வரி அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது என்பதை முதலில் அவருக்குச் சொன்னேன்.

'எடுத்துவிடட்டுமா' என்று அவர் கேட்டதும் என் தூக்கம் பறந்து போயிற்று. அதே கேள்வியை நானும் ஒருநாள் கேட்டேன், யாரிடமுமன்று, என்னிடமே. நானே விடையும் சொல்லிக் கொண்டேன். இரண்டாம் ஆண்டில் மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு பந்தய வண்டி செய்தோம். அதன் பிரேக் மிதியின் நெம்புகோல் என் பொறுப்பு. வரைவு அனுப்ப வேண்டிய இரவில், கால்வைக்கும் பகுதி தண்டோடு சேரும் மூலையில் பில்லட் வரவில்லை. ஒன்றிரண்டு முறை முயன்றேன். பின்பு, 'அழகுக்குத்தானே, போகட்டும்' என்று அதை நீக்கிவிட்டுக் கோப்பை அனுப்பிவிட்டேன். அலுமினியத் தகட்டிலிருந்து நீர்த்தாரையால், வரைந்தபடியே கூரிய மூலையோடு வெட்டித் தந்தார்கள். மூன்றாம் நாள் ஓட்டத்தில் நண்பன் மிதித்தபோது, மிதி அந்த மூலையில் முறிந்தது. வண்டி வைக்கோல் கட்டுகளில் போய் மோதி நின்றது. அவன் முழங்காலில் ஏழு தையல். அவன் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் முறிந்த துண்டை எடுத்து வந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். இன்றும் அங்கேயே இருக்கிறது.

பில்லட் அழகுக்கன்று. அதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன்.

ஒரு தகட்டை இரு புறமும் பிடித்து இழுக்கிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். விசை தகட்டின் ஊடே ஆற்றுநீர்போல் பரவிச் செல்கிறது. நடுவில் ஒரு துளை இருந்தால் விசைக்கோடுகள் அதைச் சுற்றி வளைந்து, துளையின் ஓரத்தில் நெருங்குகின்றன. 1913ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இங்கிலிஸ் என்ற பொறியியலறிஞர் இதற்குக் கணக்குக் கண்டார். இழுக்கும் திசைக்குக் குறுக்கே கிடக்கும் நீள்வட்டத் துளையின் பாதி நீளத்தை, அதன் முனையின் ஆரத்தால் வகுங்கள். வருவதற்கு வர்க்கமூலம் காணுங்கள். அதை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். முனையிலுள்ள தகைவு, தகட்டின் பொதுத் தகைவைப்போல் அத்தனை மடங்கு. பாதி நீளம் 10 மில்லிமீட்டர், முனை ஆரமும் 10 மில்லிமீட்டர் என்றால் அது வட்டம். விடை 3 மடங்கு. முனை ஆரம் 0.1 மில்லிமீட்டராகக் கூர்மை பெற்றால் விடை 21 மடங்கு! துளையின் நீளம் மாறவில்லை. தகட்டின் கனமும் மாறவில்லை. மாறியதெல்லாம் முனையின் கூர்மை ஒன்றுதான். என் நெம்புகோலின் மூலை நீள்வட்டத் துளையன்று; ஆயினும் விதி அதற்கும் உறவினன்தான்.

காமெட் என்னும் வானூர்திகளின் கதையைச் சிலர் கேட்டிருப்பீர்கள். 1954 ஜனவரி 10ஆம் நாள் எல்பாத் தீவின் அருகிலும், ஏப்ரல் 8ஆம் நாள் நேப்பிள்ஸ் அருகிலும் இரண்டு ஊர்திகள் வானிலேயே சிதறின. மொத்தம் 56 பேர் மாண்டனர். இன்னொரு காமெட்டின் உடலை இங்கிலாந்தில் பார்ன்பரோ என்னுமிடத்தில் நீர்த்தொட்டிக்குள் வைத்து, மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஒரு திறப்பின் மூலையருகே அது கிழிந்தது. எல்பாவில் கடலிலிருந்து எடுத்த கூரைத் துண்டிலும், வானலைக் கருவிக்காக வெட்டிய திறப்பின் மூலையருகே விரிசல் தொடங்கியிருந்தது. 'சதுரச் சன்னல் வைத்ததால் விழுந்தது' என்று வகுப்பறைகளில் சுருக்கிச் சொல்வார்கள். அது முழு உண்மையன்று. அச்சன்னல்களின் மூலைகள் உருட்டப்பட்டே இருந்தன. அந்த உருட்டல் போதவில்லை, மூலையருகே ஆணித்துளைகளும் இருந்தன. எனவே, பில்லட் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

இனி மென்பொருளுக்கு வருவோம். ஆனால் அதற்கு முன் கோவைக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

என் தாய்மாமா கோவையில் வார்ப்படப் பட்டறைகளுக்குப் பேட்டர்ன் செய்பவர். பம்பு உடல், மோட்டார் மூடி என்று எது வார்ப்பதாயினும், முதலில் மரத்தில் அதன் உருவைச் செய்து மணலில் பதிக்க வேண்டுமல்லவா? அந்த மர உருவைச் செய்வது அவர் தொழில். இரண்டு பலகைகள் சேரும் உள்மூலையை அவர் கூராக விடவே மாட்டார். மூலையில் மெழுகுத் திரியை வைப்பார். நுனியில் குண்டு வைத்த ஒரு கம்பியை அனலில் காட்டி, மூலையோடு ஒரே சீராக இழுத்துச் செல்வார். குண்டு போன வழியெல்லாம் மெழுகு குழிந்து வழவழப்பாக நிற்கும். நான் சிறுவனாக இருந்தபோது, "எதுக்கு மாமா இது?" என்று கேட்டேன். "கூரா விட்டா மணல் உதிர்ந்து போயிரும், உதிராம நின்னாலும் இரும்பு ஆறும்போது அந்த எடத்துலதான் கீறும்," என்றார். பெட்டியில் குண்டுக் கம்பிகள் சிறிதும் பெரிதுமாக வரிசையாய் இருந்தன. எந்த மூலைக்கு எந்தக் குண்டு என்பதை அவர் கண்ணாலேயே அளப்பார். பெரிய குண்டையே எங்கும் போட்டுவிடவும் மாட்டார். மூலையில் உலோகம் மிகுதியாகத் திரண்டால் அது கடைசியில் ஆறிச் சுருங்கி உள்ளே பொத்தல் விழும் என்பார்.

நண்பர்களே, கணிப்பொறி செய்வதும் இதேதான்! இதைச் சொன்னால் மாமா நம்பமாட்டார்.

1970களில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்ட் முதலானோர், கன உருவத்தைக் கணிப்பொறி நினைவில் வைக்க ஒரு முறை வகுத்தார்கள். உருவத்தின் உள்ளே இருப்பதை விட்டுவிட்டு, அதன் எல்லையை மட்டும் குறித்து வைப்பது அம்முறை. இன்னின்ன முகங்கள், முகங்கள் சேரும் விளிம்புகள், விளிம்புகள் சேரும் முனைகள், எது எதற்கு அண்டைவீடு என்ற குறிப்பு. நாம் இன்று கையாளும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இவ்வழியே நடக்கின்றன. ஒரு விளிம்பை உருட்டு என்றால், அவ்விளிம்பை அழித்து, அங்கே ஒரு புதிய முகத்தை வைத்து, அண்டை முகங்களை அளவாக வெட்டித் தைக்க வேண்டும். புதிய முகத்தின் வடிவம் எது? இரு முகங்களையும் ஒருசேரத் தொட்டபடி ஒரு பந்து உருண்டு செல்கிறது என்று கொள்ளுங்கள். அது துடைத்துச் செல்லும் பரப்பே பில்லட். 1984இல் அமெரிக்காவில் ரொசிஞாக், ரெக்விச்சா என்ற இருவர், மாறாத ஆரமுள்ள இவ்வுருட்டலைக் கன உருவங்களில் செய்யும் முறையை விரிவாக எழுதினார்கள். மாமாவின் குண்டுக் கம்பிக்கும் இதற்கும் வேறுபாடு அனல் ஒன்றுதான்.

உள்மூலையில் பந்து வெளியே, காற்றில் உருளும். வெளிவிளிம்பை மழுக்கும்போது பந்து பொருளின் உள்ளே உருளும். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பந்தின் மையம் எவ்வழியே போகும்? ஒவ்வொரு முகத்தையும் பந்தின் ஆர அளவுக்கு நகர்த்தி வையுங்கள். நகர்ந்த இரண்டு முகங்களும் வெட்டிக்கொள்ளும் கோடே மையத்தின் பாதை. இரண்டும் தட்டை முகங்கள் என்றால் பாதை நேர்கோடு. பில்லட் ஓர் உருளைத் துண்டு. தகட்டின்மேல் ஓர் உருண்டைத் தண்டு நிமிர்ந்து நின்றால் பாதை வட்டம். அப்போது வரும் பில்லட் மெதுவடையின் உட்புற வளைவு! பெட்டியின் மூலையில் மூன்று விளிம்புகள் ஒரே ஆரத்தில் சேர்ந்தால் பந்து அங்கே நின்றுவிடும். கோளத்தில் எட்டில் ஒரு பங்கு கிடைக்கும். இவையெல்லாம் பள்ளிக்கூட வடிவங்கள். ஆனால் இரண்டு குழாய்கள் குறுக்கே சேரும் மூலையைப் பாருங்கள். மையத்தின் பாதை எந்த எளிய வளைவிலும் அடங்காமல் வானில் நெளிகிறது. அங்கே மென்பொருள் நெருக்கமாகப் புள்ளிகள் கண்டு, அவற்றின் வழியே வளைபரப்பு ஒன்றைப் பொருத்திச் சமாளிக்கிறது.

சரி, தம்பியின் தாங்கி ஏன் மறுத்தது?

மேசைமேல் ஒரு புத்தகத்தைச் சாய்த்து வைத்தேன். இடுக்கில் என் மேசையிலிருந்த எலுமிச்சம்பழத்தைத் தள்ளினேன். அது உள்ளே போகாமல் வாயிலிலேயே நின்றது. ஒரு கோலிக்குண்டு என்றால் இன்னும் ஆழப் போயிருக்கும். இடுக்கு ஒடுங்க ஒடுங்கப் பந்து மூலையைவிட்டுத் தொலைவிலேயே சிக்கிக்கொள்கிறது. எவ்வளவு தொலைவு? பந்தின் ஆரத்தை, இடைக்கோணத்தில் பாதியின் டான் மதிப்பால் வகுத்தால் வரும் அளவு. செங்கோணமாயின் டான் 45 ஒன்று. ஆகவே 5 மில்லிமீட்டர்ப் பந்து மூலையிலிருந்து 5 மில்லிமீட்டரில் தொடும். முப்பது பாகையாயின் டான் 15, ஆரத்தைப்போல் 3.732 மடங்கு. அதாவது 5 மில்லிமீட்டர்ப் பந்து 18.66 மில்லிமீட்டரில்தான் முகத்தைத் தொடும். தம்பியின் கையின் அடிப்பரப்பு, குடம் தொடங்கும் முன் எவ்வளவு நீளம் என்று அளந்து பார்க்கச் சொன்னேன்.

"பதினஞ்சுண்ணே."

"பந்து தொடுறதுக்கு இடம் இருக்கா?"

சற்று நேரம் திரையைப் பார்த்தார். "இல்லண்ணே. பந்து குடத்துல போய் முட்டுது." அவராகவே தாளை எடுத்து 15ஐ 3.732ஆல் வகுத்தார். "நாலு வைக்கலாமா?"

4 மில்லிமீட்டர் வைத்தார். உடனே வந்துவிட்டது. அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்து எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் இன்னொரு கணக்கும் போடச் சொன்னேன். 4 மில்லிமீட்டருக்கு 14.93 வேண்டும். மீதி 0.07 மில்லிமீட்டர். தலைமயிர் அளவில் ஒரு முகம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நாளை தகைவுக் கணக்குக்காக உருவத்தை வலையாகப் பிரிக்கும்போது அந்தக் கீற்று முகம் உயிரை வாங்கும். 3.5 வைத்தால் 13.06, மீதி ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். அதையே வைத்தார். விலையுயர்ந்த மென்பொருள்கள் சில, பந்து முட்டினால் அடுத்த முகத்தின்மேல் உருளவிட்டு வழி கண்டுபிடிக்கும். அவை கொடுக்கும் வடிவம் நாம் நினைத்த வடிவந்தானா என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அன்று இரவு இன்னொரு சிக்கலும் தீர்ந்தது. அடித்தகட்டின் நான்கு செங்குத்து விளிம்புகளை 3 மில்லிமீட்டர் உருட்டியிருந்தார். பின்பு மேல்விளிம்பு முழுவதையும் 5 மில்லிமீட்டர் உருட்ட முயன்றார்; மறுத்தது. இங்கே பந்து பொருளின் உள்ளே உருளுகிறது என்பதை நினைவுகூருங்கள். 3 மில்லிமீட்டர் வளைவின் உட்புறத்தில் 5 மில்லிமீட்டர்ப் பந்து எப்படி அமரும்? சிறு கிண்ணத்தின் அடியைப் பெரிய தேங்காய் தொடாதது போலத்தான். இரண்டு எண்களையும் மாற்றிச் செங்குத்துக்கு 5, மேல்விளிம்புக்கு 3 என்று வைத்தார், முடிந்தது. எண்களை மாற்ற வழியில்லாதபோது பெரிய ஆரத்தை முதலில் உருட்டிவிட்டுச் சிறியதைப் பின்னர் உருட்டிப் பாருங்கள். பெரும்பாலும் வழி திறக்கும். ஒரே முனையில் இரண்டு வெளிவிளிம்பும் ஓர் உள்விளிம்பும் சேர்ந்தால், தனித்து நிற்கும் உள்விளிம்பை முதலில் உருட்டுங்கள். அதன்பின் மற்ற இரண்டும் ஒரே தொடர்கோடாகிவிடும். பந்து தடையின்றி ஓடும்.

வரிசையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பெட்டி வரைபவர்கள், முதலில் சுவர்களுக்குச் சாய்வு கொடுத்து, பிறகு விளிம்புகளை உருட்டி, கடைசியில் உள்ளே குடைவது நன்று. வெளியே 5 மில்லிமீட்டர் ஆரம், சுவர் கனம் 2 என்றால், குடையும்போது உள்ளே 3 மில்லிமீட்டர் ஆரம் தானாக வந்துவிடும். சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கும். வெளி ஆரம் சுவர் கனத்தைவிடச் சிறியதானால் உள்மூலை கூராகவே நிற்கும். அங்கேதான் விரிசல் விழும்.

மில்லிங் பொறியில் வெட்டும் பொருளுக்குக் கணக்கு வேறு. 10 மில்லிமீட்டர்க் கட்டர் உள்மூலையில் 5 மில்லிமீட்டர் ஆரத்தைத் தானே விட்டுச் செல்லும். கூர்மூலை கேட்டாலும் அதனால் தர இயலாது. அங்கே 5.5 என்று வரைந்தால், கட்டர் மூலையில் நின்று திரும்பாமல் வளைந்து ஓடும். பட்டறைக்காரர் உங்களை வாழ்த்துவார். வெளிவிளிம்பிலோ அடிப்பகுதியிலோ கீழே வைக்கும்போது கை கிழியாமலிருக்க மட்டும் மழுக்க வேண்டும் என்றால், பில்லட்டை விட்டுச் சாய்வு வெட்டு போடுங்கள். செலவு குறைவு.

கார் உடல் போன்ற பளபளப்பான பொருள்களில் பந்து உருட்டலும் போதாமல் போகும். தட்டை முகத்தின் வளைவு சுழி. பில்லட்டின் வளைவு ஆரத்தின் தலைகீழ். இரண்டும் தொட்டுச் சேர்ந்தாலும் வளைவு ஒரே தாவலில் மாறுகிறது. அந்த இடத்தில் விளக்கொளியின் பிரதிபலிப்பு முறிந்து காட்டும். அதனால் அங்கே வளைவு படிப்படியாக ஏறி இறங்கும் கலவைப் பரப்புகளைப் பயன்படுத்துகிறார்கள்; வரிக்குதிரைக் கோடுகளைத் திரையில் ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

கடைசியாக ஒரு தொல்லை. பந்தின் குற்றமன்று; பெயரின் குற்றம். நீங்கள் உருட்டிய விளிம்பை மென்பொருள் 'பன்னிரண்டாம் விளிம்பு' என்பதுபோல் ஓர் எண்ணால் நினைவில் வைத்திருக்கும். முன்னே போய் ஒரு துளையைச் சேர்த்தால் எண்கள் மாறிவிடும். பில்லட் வேறொரு விளிம்பில் போய் உட்காரும், அல்லது மரம் முழுவதும் சிவந்து நிற்கும். விடுதியில் பலரும் பயன்படுத்தும் ஃப்ரீகேட் என்னும் இலவச மென்பொருளில் இது நெடுங்காலத் துன்பம். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் பெருமளவு குறைத்திருக்கிறார்கள். பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்ளுங்கள். எந்த மென்பொருளாயினும், பில்லட்டுகளைக் கூடுமானவரை கடைசியில் போடுங்கள். ஒரே ஆரமுள்ள விளிம்புகளை ஒரே கட்டளையில் சேருங்கள்.

தம்பி போகும்போது மணி மூன்று. தேநீர்க்கடை திறந்திருக்காது என்பதால் அறையிலேயே கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடித்தோம். மேசைமேல் கிடந்த அலுமினியத் துண்டைக் கையில் எடுத்து, "இது என்னண்ணே?" என்று கேட்டார். சொன்னேன். அவர் போனபின் தூக்கம் வரவில்லை. நெம்புகோலின் பழைய கோப்பைத் தேடித் திறந்து, அந்த மூலையை அளந்து பார்த்தேன். செங்கோண மூலை. அன்று நான் கேட்ட ஆரம் 8 மில்லிமீட்டர். பந்து தொட வேண்டிய முகத்தின் அகலம் 6. நான் 5 என்று எழுதியிருந்தால் வந்திருக்கும்.